காதர்பேட்டை பேண்ட்டில் டொராண்டோ வரை

என் மகள் கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறாள். 2018-இல் அவளுடைய பட்டமளிப்பு விழாவுக்குப் போனபோது காட்டன் சேலை கட்டிக்கொண்டு விமானம் ஏறினேன். 2024 அக்டோபர் கடைசியில் அவள் பிரசவத்துக்குப் போனபோது, திருப்பூர் காதர்பேட்டைச் சந்தையில் 380 ரூபாய்க்கு எடுத்த பேண்ட்டும் 450 ரூபாய்க்கு எடுத்த குர்த்தியும் போட்டுக்கொண்டு போனேன். ஏப்ரலில் அதே உடையில்தான் திரும்பி வந்தேன். நடுவில் அந்தப் பேண்ட்டை எத்தனை நாள் போட்டேன் என்று கணக்கே இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் அம்மாக்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "என்ன போட்டுட்டுப் போனீங்க?" என்பதுதான். அதனால் ஒவ்வொரு உருப்படியாகச் சொல்லிவிடுகிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் 31 வருடம் வேலை பார்த்தவள் நான். முதலில் செக்கிங் டேபிள், அப்புறம் குவாலிட்டி. மற்றவர்கள் கண்ணாடி முன்னால் நின்று துணி எடுப்பார்கள். எனக்குத் துணியை உள்ளங்கையில் வைத்து, திருப்பி உள்பக்கத் தையலைப் பார்த்தால்தான் மனசு ஒப்பும். இவ்வளவு அனுபவம் இருந்தும் 2018-இல் சேலைதான் கட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு வேறு எதையும் யோசிக்கவே இல்லை.

சேலையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. வாழ்க்கை முழுக்க அதில்தான் நடந்தேன், சமைத்தேன், பஸ் ஏறினேன். ஆனால் விமானத்தின் கழிப்பறையில் ஆள் திரும்பவே இடம் இருக்காது. தரையில் ஈரம் இருக்கும். ஒரு கையில் கொசுவத்தையும் இன்னொரு கையில் முந்தானையையும் பிடித்துக்கொண்டால் தாழ்ப்பாள் போடக் கை இல்லை. அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 20 சதவிகிதத்துக்கும் கீழே போய்விடும், நம் ஊர் சித்திரை வெயிலைவிட வறண்ட காற்று. அதில் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்ததில் இறங்கும்போது தலைவலி மண்டையைப் பிளந்தது. இடுப்பு ஓரம் முழுக்க ஏசிக் காற்றில் விறைத்துவிட்டது. பாதுகாப்புச் சோதனையில் தோளில் குத்திய ஊக்கு, கொசுவத்தில் குத்திய ஊக்கு, வளையல் என்று ஒவ்வொன்றுக்கும் கருவி சத்தம் போட்டது. திரைக்குப் பின்னால் அந்தப் பெண் காவலர் பொறுமையாகத்தான் பார்த்தார். ஆனாலும் அவ்வளவு நேரம் கையை விரித்துக்கொண்டு நிற்பது கூச்சமாக இருந்தது.

அதனால் இந்த முறை மூன்று மாதம் முன்பே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். என் மருமகன் அக்கறையோடு ஆன்லைனில் ஒரு டிராவல் செட் வாங்கி அனுப்பினார். 2,799 ரூபாய். மேல்சட்டையும் பேண்ட்டும் ஒரே நிறம், படத்தில் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. விற்ற நிறுவனத்தின் பெயர் வேண்டாம். விளம்பரத்தில் பருத்தி போல மென்மை என்று போட்டிருந்தது. தொட்டதுமே எனக்குச் சந்தேகம். சீமின், அதாவது தையல் மடிப்பின், உள்ளே இருந்து நாலு நூலை உருவி, வாசலில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வந்து சாம்பலாக உதிரும். கம்பளி என்றால் முடி கருகும் வாசனை. இது சுருண்டு, உருகி, கறுப்பு மணியாகக் கட்டிக்கொண்டது. முழுக்கப் பாலியஸ்டர்.

பாலியஸ்டர் எல்லா இடத்திலும் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஓடுகிறவர்களுக்கும் விளையாடுகிறவர்களுக்கும் அதில் நல்ல துணிகள் இருக்கின்றன. ஆனால் ஒரு நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருக்கிற உடம்புக்கு அது ஆகாது. பருத்தி தன் எடையில் எட்டு சதவிகிதத்துக்கு மேல் ஈரத்தைத் தனக்குள் வைத்திருக்கும். பாலியஸ்டரில் அது அரை சதவிகிதம்கூட வராது. அதனால்தான் வேர்வை தோலிலேயே நிற்கிறது. வறண்ட காற்றில் மின்சாரம் ஏறித் துணி காலோடு ஒட்டிக்கொள்வதும் அதனால்தான். இன்னொன்றும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விமானத்தில் ஏதாவது ஆபத்து வந்து நெருப்புக்குப் பக்கத்தில் போக வேண்டியிருந்தால், உருகுகிற துணி தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் கம்பளியும் அப்படி உருகாது. நடக்கவே நடக்காத ஒன்றாக இருக்கலாம். ஆனாலும் அந்தக் கறுப்பு மணியைக் கண்ணால் பார்த்த பிறகு அதை மறக்க முடியவில்லை.

சரி, வாங்கி அனுப்பியவர் மனசு நோகக் கூடாது, போட்டுப் பார்க்காமல் தள்ளுவதும் நியாயம் இல்லை என்று ஒரு சோதனை வைத்தேன். விசாவுக்குக் கைரேகை கொடுக்கச் சென்னை போக வேண்டியிருந்தது. போகும்போது பகல் ரயிலில் ஏசி பெட்டியில் ஏழு மணி நேரம் அந்தச் செட்டில் உட்கார்ந்து போனேன். சேலம் தாண்டுவதற்குள் முழங்காலுக்குப் பின்னால் பிசுபிசுப்பு. ஜோலார்பேட்டையில் எழுந்து நின்றால் பேண்ட் தொடையை விட்டு இறங்கவில்லை. இடுப்பில் மெல்லிய எலாஸ்டிக், கயிறு திரித்த மாதிரி சுருண்டு ஒரே இடத்தில் அழுத்தியது. மேல்சட்டையின் கழுத்தில் உலோக வளையம் வைத்து அலங்காரம் செய்திருந்தார்கள். சென்னையில் இறங்கியபோது சட்டை கசங்கவில்லை என்பது மட்டும் உண்மை. அந்த ஒரு மார்க்கை அதற்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஊருக்கு வந்த மறுநாளே காதர்பேட்டைக்குப் போனேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சந்து சந்தாக இருக்கிற பனியன் சந்தை அது. வெளிநாட்டு ஆர்டருக்குத் துணி வெட்டும்போது, டேமேஜ் போகுமே என்று மூன்று முதல் ஐந்து சதவிகிதம் கூடுதலாக வெட்டுவது வழக்கம். ஆர்டர் போன பிறகு மிஞ்சுகிற நல்ல பீஸ் சர்ப்ளஸ். செக்கிங்கில் தள்ளியது செகண்ட்ஸ். இரண்டும் இங்கே வந்து சேரும். சில கடைகளில் இரண்டையும் ஒரே குவியலில் கலந்து போட்டிருப்பார்கள். பிரித்து எடுப்பது நம் கையில்தான் இருக்கிறது. போட்டுப் பார்க்க அறை கிடையாது, மாற்றித் தர மாட்டார்கள், பிராண்டு லேபிளைப் பாதியாக வெட்டியிருப்பார்கள். பொறுமை இருக்கிறவர்களுக்குத்தான் இந்த இடம்.

ஐந்தாவது கடையில்தான் பேண்ட் கிடைத்தது. கடைப் பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும்.

"ஏனுங்க்கா, பாப்பாவுக்குங்களா?"

"எனக்குத்தான் தம்பி. பிளேன்ல போறதுக்கு."

"அப்ப ஜீன்ஸ் பாருங்க்கா, எல்லாரும் அதுதான் கேக்கறாங்க."

"ஜீன்ஸ் வேண்டாஞ் சாமி. அந்த மூலைல கிடக்குதே, இன்டர்லாக் துணி, அதை எடு."

அவன் எடுத்துப் போட்டது அடர் நீலத்தில், கால் பகுதி அகலமாக இறங்குகிற நேர்வெட்டுப் பேண்ட். மெயின் லேபிளை வெட்டியிருந்தார்கள். உள்ளே இடது பக்கச் சீமில் வாஷ்கேர் லேபிள் மட்டும் தப்பியிருந்தது. மோடல் 95 சதவிகிதம், எலாஸ்டேன், அதாவது லைக்ரா, 5 சதவிகிதம். மோடல் என்பது பீச் என்ற மரத்தின் கூழிலிருந்து எடுக்கிற நார். பருத்தியைவிட வழவழப்பு, ஈரத்தை நன்றாக இழுக்கும், தொங்கும்போது ஒரு கனம் இருக்கும். இன்டர்லாக் என்பதால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஓரம் சுருளாது. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. என் கைக்கு 220 ஜிஎஸ்எம் பக்கம் தெரிந்தது. 160, 170 என்றால் உட்கார்ந்து எழுந்ததும் முழங்கால் முட்டிக்கொண்டு நிற்கும். 260-க்கு மேல் போனால் பெட்டியில் கனம், காயவும் நேரம் ஆகும்.

கடையிலேயே மூன்று விஷயம் பார்த்தேன். துணியைக் கைப்பிடிக்குள் கசக்கி, முப்பது எண்ணிவிட்டு விரித்தேன். லேசான சுருக்கம், இரண்டு உதறலில் போய்விட்டது. அப்புறம் தொடைப் பகுதியை இரண்டு கையாலும் அகலவாக்கில் இழுத்து விட்டேன், பழைய அளவுக்கே திரும்பியது. இழுத்தால் வருவது எல்லாத் துணிக்கும் உண்டு. திரும்பிப் போவதுதான் நல்ல லைக்ராவுக்கு அடையாளம். கடைசியாகப் பேண்ட்டை நீளவாக்கில் மடித்துப் பக்கச் சீம் நேராக இறங்குகிறதா என்று பார்த்தேன். இது சிங்கிள் ஜெர்ஸி, அதாவது ஒற்றைப் பின்னல் துணியில் டீஷர்ட் எடுக்கும்போது இன்னும் முக்கியம். நூலின் முறுக்கு காரணமாகச் சில டீஷர்ட்டுகள் ரெண்டு துவையலில் திரும்பிக்கொண்டு, பக்கத் தையல் வயிற்றுக்கு முன்னால் வந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்தாலும் அப்புறம் அதில் அழகு இல்லை.

இடுப்புதான் என்னை இந்தப் பேண்ட்டில் கட்டிப்போட்டது. இரண்டு அங்குல அகல எலாஸ்டிக்கை அதே துணிக்குள் மூடி, நடுவில் இரண்டு வரி தையல் ஓட்டியிருந்தார்கள். அதனால் சுருளாது, ஒரே இடத்தில் வெட்டாது. விமானத்தில் இது ஏன் பெரிய விஷயம் என்றால், உயரத்தில் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி மலைமேல் இருக்கிற அளவுக்குத்தான் வைத்திருப்பார்கள், ஊட்டியில் உட்கார்ந்திருப்பது போல. குடலில் இருக்கும் வாயு அங்கே கால் பங்குக்கு மேலேயே விரியும். தரையில் சரியாக இருந்த இடுப்பு மேலே போனதும் இறுக்குவது அதனால்தான். ஒரு சைஸ் கூட்டி எக்ஸெல் எடுத்தேன். அகலமான பட்டை என்பதால் அது இடுப்பிலிருந்து இறங்கவும் இல்லை.

குர்த்தி வேறு கடையில். பருத்தி 95, லைக்ரா 5, ஆந்த்ரா மெலாஞ்ச், அதாவது கரியும் சாம்பலும் கலந்த அடர் நிறம். மெலாஞ்சில் சின்னக் கறை தெரியாது. ஆனால் வெளிர் சாம்பல் மெலாஞ்சை எடுத்துவிடாதீர்கள். அக்குளில் ஒரு துளி வேர்வை பட்டாலும் ஊருக்கே தெரியும். கழுத்து வட்டமாக, பட்டன் இல்லாமல், தோள் தையல் சரியாகத் தோள் எலும்பின் முனையில் நின்றது. வசதியான உடை என்றாலே தூங்கி எழுந்தவள் மாதிரி இருக்கும் என்று என் தங்கை சொல்வாள். அப்படித் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் தோள்தான். தோள் தையல் கைக்குள் இறங்கித் தொங்கினால் எவ்வளவு நல்ல துணியும் நைட்டி மாதிரி தெரியும். தோள் சரியாக நின்றுவிட்டால், கீழே எவ்வளவு தாராளமாக இருந்தாலும் ஆள் எடுப்பாக இருப்பாள்.

பேண்ட்டில் பை இல்லை. ஐரோப்பாவுக்குத் தைத்த பெண்கள் பேண்ட்டிலும் பை வைக்காமல் விடுகிறார்களே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் தெரு டெய்லரிடம் கொடுத்து வலது பக்கச் சீமில் எட்டு அங்குல ஆழத்துக்கு ஒரு பையும், இடுப்புப் பட்டைக்கு உள்ளே பிளாஸ்டிக் ஜிப் வைத்த இன்னொரு பையும் தைக்கச் சொன்னேன். பாஸ்போர்ட்டின் அளவு 125-க்கு 88 மில்லிமீட்டர். அதைக் கையில் கொடுத்து அளந்துதான் வெட்டச் சொன்னேன். உலோக ஜிப் வைக்க வந்தார், நான் விடவில்லை. கூலி 120 ரூபாய். இந்தப் பயணத்தில் நான் செலவழித்த காசிலேயே மிகவும் உருப்படியானது இந்த 120 ரூபாய்தான் என்று நினைக்கிறேன். கைப்பை மேலே பெட்டி அறையில் இருந்தாலும், கழிப்பறைக்குப் போனாலும், துபாயில் வரிசையில் நின்றாலும் பாஸ்போர்ட் என் உடம்போடு இருந்தது.

மேலே போட பிரெஞ்ச் டெரி துணியில் ஒரு ஜாக்கெட், 650 ரூபாய். முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி எடுத்தேன். தலை வழியாகப் போடுகிறதை நடு சீட்டில் உட்கார்ந்துகொண்டு கழற்றிப் பாருங்கள், பக்கத்துச் சீட்டுக்காரர் மூக்கில் முழங்கை படும். உள்பக்கம் பிரஷ் செய்து பஞ்சாக்காமல் சின்னச் சின்ன நூல் வளையமாகவே விட்டிருப்பதால் சூடு தங்கும், புழுங்காது.

கழுத்துக்குச் சென்னிமலைக் கைத்தறியில் வாங்கி வைத்திருந்த ஒரு பருத்திச் சால்வை. மாம்பழ மஞ்சளில் சிவப்புக் கரை. மற்ற எல்லாம் அடர் நிறமாக இருந்ததால் இந்த ஒரு மஞ்சள்தான் மொத்த உடைக்கும் உயிர் கொடுத்தது. மகளுக்குக் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடிக்கவும் அதுதான் உதவியது. விமானத்தில் அதையே முகத்தை மூடித் தூங்கவும், மடித்து முதுகுக்கு வைக்கவும் பயன்படுத்தினேன்.

காலுக்கு வருகிறேன். கம்பெனியில் இத்தனை வருடம் நின்றே வேலை பார்த்ததில் என் இடது காலில் வெரிகோஸ், அதாவது ரத்தக் குழாய் புடைப்பு, உண்டு. டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்னபடி முழங்காலுக்குக் கீழே வரும் அழுத்தச் சாக்ஸ், 15 முதல் 20 மில்லிமீட்டர் பாதரச அளவில் வாங்கினேன். மருந்துக்கடையில் 900 ரூபாய். நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் தேங்கும், உறைந்து கட்டியாகவும் ஆகலாம். எனக்கு முன்பு அந்தப் பயம் இருந்தது. கிளம்பும் நாள் கால் வீங்குவதற்கு முன்னால், படுக்கையில் இருந்தபடியே போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் கெண்டைக்கால் சுற்றளவை அளக்காமல் வாங்காதீர்கள், சர்க்கரை இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடவே வேண்டாம். ஷூ அரை சைஸ் கூட. கால் வீங்கினபிறகு பழைய ஷூவுக்குள் நுழைய முடியாமல் 2018-இல் பட்ட பாடு போதும்.

வாங்கிய எல்லாவற்றையும் மூன்று முறை துவைத்தேன். சுருங்குவது இங்கேயே சுருங்கட்டும், சாயம் போவது இங்கேயே போகட்டும். நீல ஜாக்கெட் முதல் துவையலில் தண்ணீரை மை மாதிரி ஆக்கியது. மூன்றாவதில் நின்றது. குர்த்தி நீளத்தில் ஓர் அங்குலம் குறைந்தது.

இனி விமானம். சென்னையிலிருந்து துபாய் நாலு மணி நேரம் சொச்சம், அங்கே காத்திருப்பு, அப்புறம் துபாயிலிருந்து டொராண்டோ பதினாலு மணி நேரத்துக்குப் பக்கம். சென்னைச் சோதனையில் கருவி ஒரே ஒரு முறை சத்தம் போட்டது, அதுவும் தாலிக்கு. ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். துபாயில் மாறும்போது மறுபடியும் சோதனை உண்டு. அங்கே பெல்ட் கழற்று, ஜாக்கெட் கழற்று என்று எல்லாரும் திணறும்போது எனக்குக் கழற்ற ஜாக்கெட் மட்டும்தான்.

பெரிய பயணத்தின் ஏழாவது மணி நேரத்தில் எழுந்து பின்பக்கம் போய் நின்றேன். அந்த நேரத்தில் உடம்பு எங்கெங்கே வலிக்கிறது என்று பார்ப்பது, எங்கள் குவாலிட்டி வேலையில் பீஸைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது போல. இடுப்பில் தடம் இல்லை. முழங்காலுக்குப் பின்னால் ஈரம் இல்லை. குர்த்தியின் பக்கத் தையல் பேட்லாக், அதாவது தடிப்பில்லாத தட்டைத் தையல், என்பதால் சீட்டின் கைப்பிடியில் அழுந்தினபோதும் உறுத்தவில்லை. கழிப்பறைக்கு நாலு முறை பயமில்லாமல் போனேன், அதனால் தண்ணீரும் தாராளமாகக் குடித்தேன். கால் அகலமான பேண்ட் தரையில் படுமே என்ற கவலை இருந்தது. அதற்காகவே டெய்லரிடம் இரண்டு அங்குலம் வெட்டிக் கணுக்கால் எலும்புக்கு மேலே நிற்க வைத்திருந்தேன். உணவு கொடுத்தபோது விமானம் குலுங்கிக் குழம்பு தொடையில் சிந்தியது. ஈரத் துணியால் துடைத்தேன், அடர் நீலத்தில் எதுவும் தெரியவில்லை.

பியர்சன் விமான நிலையத்தில் இமிக்ரேஷன் முடித்து வெளியே வந்தபோது, நிறைமாத வயிற்றோடு மகள் நின்றிருந்தாள். கட்டிப்பிடித்துவிட்டு ஓர் அடி தள்ளி நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அம்மா, நீ இப்பத்தான் குளிச்சுட்டு வந்த மாதிரி இருக்கற" என்றாள். கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க உடுத்தியிருந்த துணி அது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துணிக்காக மட்டும் இல்லை.

டொராண்டோ குளிர் வேறு கதை. அக்டோபர் கடைசியில் வெளியே ஏழு, எட்டு டிகிரி. வீட்டுக்குள் ஹீட்டர் போட்டு 21, 22. திருப்பூரிலிருந்து கனமான ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். வெளியே அது பத்தாது, உள்ளே அது புழுங்கும். மெல்லிய அடுக்குகளாகப் போட்டு, வெளியே போகும்போது அந்த ஊர்க் கோட்டை மேலே மாட்டிக்கொள்வதுதான் வழி. மகள் கோட்டைக் காரிலேயே எடுத்து வந்திருந்தாள்.

உள்ளே போட அங்கே ஒரு மெரினோ கம்பளி பனியன் வாங்கிக் கொடுத்தாள். 90 டாலர், நம் காசில் ஐயாயிரத்துக்கு மேல். விலையைக் கேட்டு முதலில் வேண்டாம் என்றேன். தொட்டபிறகு வாயைத் திறக்கவில்லை. கம்பளி என்றால் குத்தும் என்றுதான் நமக்குப் பழக்கம். மனித முடியைவிட நாலு மடங்கு மெல்லிய இழை, தோலில் பட்டதும் வளைந்துகொடுக்கிறது, குத்துவதில்லை. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்தும் கைக்கு ஈரமாகத் தெரியாது. நாலு நாள் தொடர்ந்து போட்டேன், நாற்றம் இல்லை. பிரசவ வீட்டில் துவைக்கவும் காயப்போடவும் நேரம் இல்லாத அந்த முதல் வாரங்களில் அது பெரிய உதவி. பேரன் பிறந்து மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அவனை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு தூங்க வைத்தது அந்தப் பனியன் மேல்தான். ஆனால் மூன்றாவது வாரத்திலேயே வயிற்றுப் பக்கத்தில், பேண்ட்டின் இடுப்புப் பட்டை உரசும் இடத்தில், சின்ன ஓட்டை விழுந்தது. அவ்வளவு விலைக்கு அது நியாயமில்லை. 150 ஜிஎஸ்எம் துணி உரசலைத் தாங்காது. அடுத்த முறை எடுத்தால் கொஞ்சம் நைலான் கலந்ததாக, 180-க்குக் குறையாமல் எடுப்பேன்.

காதர்பேட்டைப் பொருட்களின் குறையையும் மறைக்கக் கூடாது. பேண்ட்டில் உள்தொடைப் பக்கம் பன்னிரண்டு துவையலுக்குப் பிறகு உருண்டை உருண்டையாகப் பிசிறு எழுந்தது. மோடலில் அது வரும் என்று தெரிந்தேதான் எடுத்தேன், ஆனால் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்தது. அங்கே டிரையரில் போட்டதும் ஒரு காரணம். உள்பக்கம் திருப்பிப் போட்டுத் துவைத்து, நிழலில் காயவைத்திருந்தால் இன்னும் தாங்கியிருக்கும். ஜாக்கெட்டின் வலது கை முனையில் வரும் கஃப் ரிப் பட்டை இடதைவிட ஒரு சாயல் வெளுத்திருந்தது. வேறு லாட்டில், அதாவது வேறு தடவை சாயம் போட்ட, ரிப் போட்டுத் தைத்திருக்கிறார்கள். கடை வெளிச்சத்தில் என் கண்ணுக்கே தப்பிவிட்டது. வெயிலில் கொண்டுவந்து பார்த்திருக்க வேண்டும், நீங்கள் பாருங்கள். குர்த்தியின் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

சேலையையும் விடவில்லை. பேரனுக்குப் பெயர் வைத்த அன்றைக்குக் கட்ட ஒரு காஞ்சிபுரம், பெட்டியில் எடுத்துப் போயிருந்தேன். அன்று வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்பாவாடைக்குக் கீழே காதர்பேட்டைப் பேண்ட், ரவிக்கைக்கு உள்ளே மெரினோ பனியன். வெளியே யாருக்கும் தெரியவில்லை, ஒரு துளி குளிரும் இல்லை.

வரும் மே மாதம் என் சம்பந்தியம்மா அதே வழியில் போகிறார். அவருக்கு அறுபத்தெட்டு வயது, இதுவரை சேலை தவிர வேறு உடுத்தியதில்லை. "எனக்கு அதெல்லாம் பழக்கமில்லைங்க" என்றார். நான் வற்புறுத்தவில்லை. என் பேண்ட்டைக் கொடுத்து, வீட்டுக்குள் ஒரு ராத்திரி மட்டும் போட்டுப் பாருங்கள் என்றேன். மறுநாள் காலையில் போன் செய்து, "இதே துணியில கறுப்பு கிடைக்குமாங்க?" என்று கேட்டார். போன வாரம் அந்தக் கடைக்குப் போனேன். அந்த லாட் தீர்ந்துவிட்டது. பையன் வேறொரு மூட்டையைக் காட்டினான், மோடல்தான், ஆனால் கசக்கிப் பார்த்ததில் சுருக்கம் நின்றது, இடுப்பும் மெல்லிய எலாஸ்டிக். எடுக்கவில்லை. இரண்டு மாதம் இருக்கிறது, இன்னும் பத்துக் கடை பாக்கி.